பெயிண்டிங் காண்ட்ராக்டருக்கு எந்தத் தொழில் அமைப்பு பொருந்தும்?

காரைக்குடியைச் சேர்ந்த பெயிண்டிங் காண்ட்ராக்டர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. பொதுப்பணித்துறையில் ஐந்தாம் வகுப்பு ஒப்பந்தக்காரராகத் தம் சொந்தப் பெயரில் பதிவு வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஏறக்குறைய 60 லட்சம் ரூபாய்க்கு வேலை நடக்கிறது. 12 பேர் வேலை பார்க்கிறார்கள். மைத்துனர் 10 லட்சம் ரூபாய் முதல் போட்டுத் தொழிலில் சேர விரும்புகிறார். தெரிந்த ஆடிட்டர் பார்ட்னர்ஷிப் போதும் என்கிறார். நண்பர் ஒருவர் பிரைவேட் லிமிடெட் தொடங்கினால்தான் பெரிய வேலைகள் கிடைக்கும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கேள்வி.

இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் வரியிலிருந்து தொடங்குகிறார்கள். என் கருத்தில் வரி மூன்றாவதாக வர வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது, இதுவரை சேர்த்த பதிவும் அனுபவச் சான்றிதழ்களும் யார் பெயரில் இருக்கின்றன, இனி யார் பெயரில் சேர வேண்டும் என்பது. இரண்டாவது, சாரத்திலிருந்து ஓர் ஆள் விழுந்துவிட்டால் அந்தப் பொறுப்பு யார் சொத்தைத் தொடும் என்பது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், அமைப்பைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கடினமாக இருக்காது.

பதிவிலிருந்து தொடங்குகிறேன். பெயிண்டிங் தொழிலுக்கென்று தனி உரிமம் எதுவும் தமிழ்நாட்டில் கிடையாது. நாம் பொதுவாக லைசென்ஸ் என்று சொல்வது துறைப் பதிவு, ஜி.எஸ்.டி. பதிவு, தொழிலாளர் சட்டங்களின் கீழான பதிவுகள் ஆகியவற்றின் தொகுப்பு. இவை ஒவ்வொன்றும் ஒரு பெயருக்கும் ஒரு பான் எண்ணுக்கும் கட்டுப்பட்டவை. தனிநபராகத் தொழில் நடத்துகிற வரை, கடைக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் நீங்களும் தொழிலும் ஒருவரே. உங்கள் பான் எண்தான் தொழிலின் பான் எண். பார்ட்னர்ஷிப்பாக மாறினால் நிறுவனத்துக்குப் புதிய பான் வாங்க வேண்டும். அதைத் தொடர்ந்து புதிய ஜி.எஸ்.டி. எண், புதிய நடப்புக் கணக்கு, புதிய துறைப் பதிவு எல்லாம் தேவைப்படும். உங்கள் பெயரில் பெற்ற வேலை நிறைவுச் சான்றிதழ்கள் புதிய நிறுவனத்தின் அனுபவமாகக் கொள்ளப்படுமா என்பது அந்தந்த டெண்டரின் நிபந்தனையைப் பொறுத்தது. கம்பெனி என்றால் சிக்கல் இன்னும் கூடும். சட்டத்தின் பார்வையில் கம்பெனி என்பது உங்களிடமிருந்து வேறுபட்ட ஒரு நபர், நேற்றுப் பிறந்த நபர். துறைப் பதிவுக்குக் கேட்கப்படும் சொத்து மதிப்புச் சான்றிதழ் விஷயத்திலும் இதே நிலைதான்: உங்கள் பெயரில் மனையும் வீடும் இருக்கலாம், புதிதாகத் தொடங்கிய கம்பெனியின் பெயரில் ஒரு மேசை நாற்காலி கூட இருக்காது. ஆகவே பல்கலைக்கழகம், மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மாநகராட்சி போன்ற இடங்களின் டெண்டர்களை நோக்கிப் போகிறவர், அமைப்பை மாற்றுமுன் அந்த அலுவலகங்களின் கடைசி டெண்டர் ஆவணத்தை வாங்கித் தகுதி நிபந்தனைப் பகுதியை வரிவரியாகப் படித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் கம்பெனி தொடங்கிவிட்டு, அனுபவம் போதவில்லை என்று டெண்டர் திருப்பப்படுவது வீணான இழப்பு.

அடுத்தது பொறுப்பு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர் வேலை மற்ற ஊர் வேலையைப் போன்றது இல்லை. செட்டிநாட்டு வீட்டின் முகப்பும் மேல்மாடியின் சுதைச் சிற்பங்களும் தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கின்றன. சாரம் கட்டாமல் வேலை நடக்காது. கோயில் திருப்பணியில் கோபுரத்துக்கு வர்ணம் பூசும்போது உயரத்தைச் சொல்லவே வேண்டாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது) வகுத்த கணக்கின்படி, மாதம் 15,000 ரூபாயோ அதற்கு மேலோ கூலி பெறும் 30 வயது ஆள் வேலையில் இறந்துபோனால், 15,000 ரூபாயின் பாதியை அந்த வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கி 15,59,850 ரூபாய் தர வேண்டும். முதலாளியின் மீது தவறு இருந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. உரிய காலத்தில் தராவிட்டால் 12 சதவீத வட்டியும், தொகையில் பாதி வரை அபராதமும் சேரலாம்.

10 பேருக்கு மேல் வேலை பார்ப்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்ட ஆளுக்கு அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அதன் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். கையாள் இந்த வரம்புக்குள் வந்துவிடுவார். கை தேர்ந்த பெயிண்டருக்கு நாள் கூலி 900 ரூபாய் என்றும் மாதம் 26 நாள் வேலை என்றும் கணக்கிட்டால் 23,400 ரூபாய் ஆகிறது; அவர் இ.எஸ்.ஐ.க்கு வெளியே போய்விடுகிறார். சாரத்தின் மேல்தட்டில் நிற்பவர் பெரும்பாலும் அவர்தான். அவருக்கு நேரக்கூடிய விபத்தின் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். எந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கு முன்பே தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்றை எடுத்துவிடுங்கள் என்று நான் வலியுறுத்திச் சொல்வது இதனால்தான். கம்பெனி தொடங்கும் செலவைவிட இந்த பாலிசி உங்கள் குடும்பத்துக்குத் தரும் பாதுகாப்பு பெரிது. ஆட்களைத் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வைப்பதும் உங்கள் கடமைகளில் ஒன்றாக இருக்கட்டும்.

இப்போது ஒவ்வோர் அமைப்பிலும் இந்தப் பொறுப்பு எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். தனிநபர் தொழிலில் எல்லையே இல்லை; தொழிலின் கடன் உங்கள் கடன், பூர்வீக வீட்டில் உங்களுக்கு உள்ள பங்கு உட்பட எல்லாச் சொத்தும் அதற்கு ஈடாகலாம். பார்ட்னர்ஷிப்பில் நிலைமை இன்னும் கடுமையானது, இதைப் பலர் உணர்வதில்லை. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பங்குதாரரும் நிறுவனத்தின் முழுக் கடனுக்கும் தனியாகவும் சேர்ந்தும் பொறுப்பாளி. மைத்துனர் போட்ட முதல் 10 லட்சம்தான் என்பதற்காக அவர் பொறுப்பு 10 லட்சத்தோடு நின்றுவிடாது. அவர் நிறுவனத்தின் பெயரில் பெயிண்ட் கடையில் கடனுக்கு எடுத்த சரக்குக்கு நீங்களும் பொறுப்பு. நீங்கள் ஒப்புக்கொண்ட வேலையில் வரும் நட்டத்துக்கு அவர் வீடும் பொறுப்பு. தொழிலின் வழக்கமான காரியங்களில் ஒரு பங்குதாரர் செய்வது மற்றவரைக் கட்டுப்படுத்தும் என்பதே அந்தச் சட்டத்தின் அடிப்படை. ஆகவே தொழிலில் என்றும் இல்லாத, பணம் மட்டும் போடுகிற உறவினரைப் பங்குதாரராகச் சேர்ப்பது இரு தரப்புக்கும் ஆபத்து.

எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையும் பிரைவேட் லிமிடெட்டும் இந்த இடத்தில்தான் பயன்படுகின்றன. அவற்றில் பொறுப்பு, போட்ட முதலோடு அல்லது ஒப்புக்கொண்ட பங்களிப்போடு நிற்கும். ஆனால் அதற்கும் இரண்டு விலக்குகள் உண்டு. வங்கியில் கடன் வாங்கும்போது சிறிய கம்பெனிகளின் இயக்குநர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்குவது வழக்கம். கையெழுத்துப் போட்ட அளவுக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடும். மற்றொன்று, உங்கள் சொந்தத் தவறு. 2008ஆம் ஆண்டு எல்.எல்.பி. சட்டமே, ஒரு பங்குதாரர் தாமே செய்த தவறுக்கான தனிப்பட்ட பொறுப்பு நீங்காது என்று தெளிவாகச் சொல்கிறது. நம் ஊர் வீடுகளில் இது வெறும் ஏட்டுச் சட்டமாக நிற்பதில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் பட்டி வைத்து எமல்ஷன் அடித்தால், சுவருக்குள் உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பிக் கழன்று வரும்; அதோடு மெருகும் போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது பெருஞ்செலவு. அந்த முடிவை நீங்களே எடுத்து, நீங்களே நின்று செய்திருந்தால், கம்பெனியின் பெயர்ப் பலகை உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. வேலை தொடங்குமுன் சுவரின் நிலையைப் படம் எடுத்து, எந்தப் பூச்சு, எத்தனை கோட்டு, எதற்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவது எந்த அமைப்பிலும் தேவை.

வீட்டுக்காரர் யார் என்பதும் இங்கே ஒரு கேள்விதான். ஒரே வளவுக்கு, அதாவது ஒரே பூர்வீக வீட்டுக்கு, பல புள்ளிகள் (பங்காளிக் குடும்பங்கள்) உரிமையாளர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் ஊரில். ஊரில் இருப்பவர் வேலையைச் சொல்வார், முடிந்த பிறகு மற்றப் பங்காளிகள் தங்களைக் கேட்கவில்லை என்பார்கள். பணத்துக்காக நீதிமன்றம் போக நேர்ந்தால், கொட்டேஷனில் உள்ள பெயர், பில்லில் உள்ள பெயர், பணம் வரும் வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பார்ட்னர்ஷிப் என்றால் கட்டாயம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்தப் பணத்துக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. பதிவு செய்வது கட்டாயமில்லை என்று சட்டம் சொல்வதை நம்பி வெறும் முத்திரைத்தாள் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் இந்த விளைவைக் கவனிப்பதில்லை. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதோடு, பங்குதாரர் மாறும்போதெல்லாம் அந்த மாற்றத்தையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வழக்குத் தொடுக்கும் பங்குதாரர்களின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் நிபந்தனை.

பார்ட்னர்ஷிப் பற்றி இன்னொன்று. நீங்களும் மைத்துனரும் மட்டும் பங்குதாரர்கள் என்றால், ஒருவர் மறைந்த அன்றே நிறுவனமும் முடிந்துவிடும். மரணத்துக்குப் பிறகும் தொடரும் என்று பத்திரத்தில் எழுதிவைத்தாலும் பயனில்லை. ஒரே ஆளை வைத்துக் கூட்டு நிறுவனம் இருக்க முடியாது. அந்த வழிதான் என்று முடிவெடுத்தால், உங்கள் மனைவியையோ வயது வந்த மகனையோ மகளையோ மூன்றாவது பங்குதாரராகச் சேர்த்து, தொடரும் என்ற விதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வரிக்கு வருகிறேன். 2025-26 நிதியாண்டு நிலவரத்தை வைத்துச் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்று நாம் அறிந்த உத்தேச வருமான முறையில், 2 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர் வங்கி வழியே வந்த தொகையில் குறைந்தது 6 சதவீதத்தையும், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் வரம்பு 3 கோடி. தனிநபருக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் இது உண்டு, எல்.எல்.பி.க்கும் கம்பெனிக்கும் கிடையாது. ஆனால் பார்ட்னர்ஷிப்புக்கு உண்டு என்பதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் 60 லட்சமும் வங்கி வழியே வந்து 6 சதவீத லாபம் காட்டினால் 3,60,000 ரூபாய். தனிநபராக இருந்தால் புதிய வரிமுறையில் இதற்கு வரியே இல்லை. பார்ட்னர்ஷிப்பில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 1,12,320 ரூபாய் கட்ட வேண்டும். உத்தேச முறையில் பங்குதாரர் சம்பளத்தைக் கழிக்கவும் முடியாது.

உத்தேச முறையை விட்டு முறையாகக் கணக்கு எழுதினால் நிலைமை சற்றுத் தேறும். பங்குதாரர் சம்பளத்துக்கு முன் லாபம் 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மீதி 3 லட்சத்தில் 60 சதவீதம், ஆக 7,20,000 ரூபாயைச் சம்பளமாகக் கழிக்கலாம். மீதி 1,80,000 ரூபாய்க்கு நிறுவனம் 56,160 ரூபாய் வரி கட்டும். 2025 ஏப்ரல் முதல் பங்குதாரர் சம்பளம் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தம் செய்து கட்டவும் வேண்டும். இதே 9 லட்சத்தைத் தனிநபர் தம் பெயரில் காட்டினால், 12 லட்சம் வரையிலான வரித் தள்ளுபடியால் வரி இல்லை. கம்பெனிக்குச் சலுகை விகிதத்தில் எல்லாம் சேர்த்து 25.17 சதவீதம், இயக்குநர் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தணிக்கை கட்டாயம், ஆண்டறிக்கைகள் தாமதமானால் நாள் கணக்கில் அபராதம் ஏறும். எல்.எல்.பி.யில் விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினாலோ பங்களிப்பு 25 லட்சத்தைத் தாண்டினாலோதான் தணிக்கை. உங்கள் 60 லட்சம் அதைத் தாண்டிவிட்டது. ஹோட்டல்களும் அறக்கட்டளைகளும் உங்கள் பில்லில் பிடிக்கும் வரியும் தனிநபருக்கு 1 சதவீதம், மற்ற அமைப்புகளுக்கு 2 சதவீதம்; திரும்பக் கிடைக்கும் பணம்தான் என்றாலும் அதுவரை கையைக் கடிக்கும்.

ஜி.எஸ்.டி.யில் அமைப்பு எதுவானாலும் வேறுபாடில்லை. பெயிண்டும் சேர்த்துச் செய்யும் வேலை சேவையாகவே கருதப்படுவதால் 40 லட்சம் என்ற சரக்கு வரம்பு உங்களுக்கு இல்லை, 20 லட்சத்திலேயே பதிவு வேண்டும். 50 லட்சத்தைத் தாண்டிவிட்டதால், சிறு தொழில்களுக்கான 6 சதவீதத் தொகுப்புத் திட்டமும் (காம்போசிஷன்) இல்லை. 18 சதவீதம்தான். இந்து கூட்டுக் குடும்பத்தின் பெயரில் நடத்தலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு; ஆள் வைத்துச் செய்யும் ஒப்பந்தத் தொழிலுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை, குடும்பச் சொத்து முழுவதையும் தொழிலின் அபாயத்துக்குள் இழுத்துவிடும். ஒரு நபர் கம்பெனி, உத்தேச வரி முறையை இழந்து கம்பெனியின் செலவுகளை மட்டும் கொண்டுவருவதால், இந்த அளவுத் தொழிலுக்கு இப்போது தேவையில்லை.

ஆகவே என் பரிந்துரை இது: இப்போதைக்குத் தனிநபராகவே தொடருங்கள். மைத்துனரைப் பங்குதாரராக்காமல் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது, அதை நம் ஊர்க்காரர்கள் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். நகரத்தார் பர்மாவில் கடை நடத்திய காலத்தில், கடையை நடத்தப் போன ஏஜெண்டு முதலாளியின் கூட்டாளி இல்லை. எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி சம்பளமும் லாபத்தில் ஒரு பகுதியும் பெற்றவர். விலாசமும் (கடையின் பெயர்) முதலும் முதலாளியுடையவை. கூட்டாண்மைச் சட்டமும் லாபத்தில் பங்கு பெறுவதாலேயே ஊழியரோ கடன் கொடுத்தவரோ பங்குதாரர் ஆகிவிட மாட்டார் என்றே சொல்கிறது. மைத்துனர் தளத்தில் நின்று வேலையை மேற்பார்க்கப் போகிறார் என்றால் சம்பளமும் லாபத்தில் இத்தனை சதவீதமும் என்று எழுதிக்கொள்ளுங்கள். 10 லட்சத்தைக் கடனாக, வங்கி வழியாக மட்டும் பெற்று, வட்டியும் தவணையும் குறித்த பத்திரம் எழுதுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது. விசிட்டிங் கார்டிலும் பெயர்ப் பலகையிலும் அவரைப் பார்ட்னர் என்று போடாதீர்கள். அப்படிக் காட்டிக்கொண்டால், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு அவர் பங்குதாரரைப் போலவே பதில் சொல்ல வேண்டிவரும்.

வேலை பெரிதாகி, ஒரே ஒப்பந்தத்தின் மதிப்பு உங்கள் சொத்து மதிப்பை நெருங்கத் தொடங்கினால், அல்லது கானாடுகாத்தான் பக்கத்துப் பாரம்பரிய ஹோட்டல்களை நடத்தும் வெளியூர் நிறுவனங்கள் கம்பெனியோடுதான் ஒப்பந்தம் என்று சொல்லத் தொடங்கினால், அப்போது பிரைவேட் லிமிடெட்டுக்கு மாறலாம். தனிநபர் தொழிலைக் கம்பெனிக்கு மாற்றும்போது, எல்லாச் சொத்தும் கடனும் கம்பெனிக்குப் போய், ஈடாகப் பங்குகள் மட்டுமே பெற்று, வாக்குரிமையில் பாதிக்குக் குறையாத பங்கை ஐந்தாண்டு வைத்திருந்தால் மூலதன ஆதாய வரி இல்லை. மைத்துனருக்குப் பங்கு தருவதாக இருந்தால் இந்த வரம்பை மனதில் வைத்துத் தர வேண்டும்.

எப்போது மாறினாலும் ஏப்ரல் 1ஆம் தேதியை ஒட்டி மாறுங்கள். ஒரே ஆண்டில் இரண்டு பான் எண்களுக்குக் கணக்கைப் பிரிப்பது தேவையற்ற வேலை. நடந்துகொண்டிருக்கும் வேலைகளைப் பழைய பெயரிலேயே முடித்து பில் போடுங்கள். கையில் மீதியிருக்கும் ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவத்தின் மூலம் புதிய பதிவுக்கு மாற்றிய பிறகு பழைய பதிவை ரத்து செய்யுங்கள். அரசு வேலைகளில் பிடித்து வைத்திருக்கும் பாதுகாப்புத் தொகை, உத்தரவாதக் காலம் முடிந்த பின்புதான், அதுவும் பழைய பெயரில்தான் திரும்பி வரும். அது வந்து சேரும் வரை பழைய வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.